ஓடும்போதே நின்றுபோகும் பழைய மாருதி 800: கோளாறைக் கையும் களவுமாகப் பிடிக்கும் வழி

காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச தூரம் ஓடியபின் சிக்னலில் ஆஃப் ஆகும். பத்து நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஓடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால் அரைமணி நேரம் ஐட்லிங்கில் நின்றும் ஒரு மிஸ்ஸிங்கூடக் காட்டாது. இந்த ரகக் கோளாறில் காசு கரைவது பாகங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதில்தான். தானாக வந்து தானாகப் போகிற கோளாறு என்பதால், கடைசியாக எதை மாற்றினோமோ அதற்கே பெயர் கிடைத்துவிடும். இரண்டு வாரம் கழித்து வண்டி பழையபடி நடுரோட்டில் நிற்கும். எனவே வண்டி நிற்கும் அந்த நேரத்திலேயே சோதிக்க வேண்டும். அதுவரை ஸ்பேனரைத் தொடக் கூடாது.

இங்கே சொல்வது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) வைத்த மாருதி 800-க்கு. 1983 டிசம்பரில் வந்த முதல் வண்டி தொடங்கி, 2000 வாக்கில் எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஏற்பாடு) வரும்வரை ஓடிய 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின். அதே எஞ்சின் உள்ள ஆம்னிக்கும் இது பொருந்தும். அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் பாயிண்ட் (ஸ்பார்க்குக்கான கரண்டை விட்டு விட்டு வெட்டும் காண்டாக்ட்), கண்டென்சர் (அந்தக் காண்டாக்ட் கருகாமல் காக்கும் சின்ன உருளை), ஏ.சி. பம்ப் (எஞ்சின் இயக்கும் பெட்ரோல் பம்ப்) பற்றிய பகுதிகளை எடுத்துக்கொள்ளலாம். அளவுகளை மட்டும் அந்தந்த வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளவும்.

எப்படி நிற்கிறது?

டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறை மக்கர் செய்யும்போதும் எஞ்சின் சூடா குளிர்ச்சியா, டேங்கில் பெட்ரோல் எவ்வளவு, மழையா வெயிலா, என்ன வேகம், ஹெட்லைட் எரிந்ததா, எத்தனை நிமிஷம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து குறிப்புகள் சேர்ந்ததும் அவற்றுக்குப் பொதுவான ஏதோ ஒன்று தெரிய ஆரம்பிக்கும். கால் டேங்குக்குக் கீழே போனால் மட்டும் நிற்கிறது என்றால் காயிலை (ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டேஜ் தரும் பாகம்) மாற்றிப் பயனில்லை. மழையன்று மட்டும் மிஸ்ஸிங் என்றால் கார்புரேட்டரைத் தொட வேண்டியதே இல்லை.

சாவியைத் திருப்பி அணைத்ததுபோல ஒரே வெட்டில் நின்றால் பெரும்பாலும் கரண்ட். இழுவை குறைந்து, மூச்சுத் திணறி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் படுத்துக்கொண்டு நின்றால் பெட்ரோல். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: சூட்டில் சாகிற கண்டென்சர், பெட்ரோல் கோளாறுபோலவே குலுக்கி, சைலன்சரில் வெடிச் சத்தமும் கிளப்பி, பிறகுதான் எஞ்சினை நிறுத்தும். சத்தம் வந்தால் கண்டென்சரையும் சந்தேகப் பட்டியலில் வையுங்கள்.

வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. எஞ்சின் செத்ததும் கிளட்சை மிதித்து, ஆயில் விளக்கையும் சார்ஜ் விளக்கையும் பாருங்கள். சாவி ஆன் நிலையில், எஞ்சின் சுற்றாதபோது இரண்டும் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் சாவி சுவிட்ச், ஃபியூஸ் பெட்டி, பேட்டரி முனை என்ற மூன்றுக்குள்தான் கோளாறு. கிளட்சை மிதிக்காமல் பார்த்தால் கணக்கு தப்பும்: கியரில் உருளும் வண்டி எஞ்சினையும் ஆல்டர்நேட்டரையும் சுற்றிக்கொண்டே இருப்பதால், கரண்ட் இருந்தும் விளக்குகள் அணைந்தே இருக்கலாம். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியானால், எஞ்சின் நின்றபின் இரண்டொரு மிதியில் பிரேக் கல்லாகிவிடும். பின்னால் வரும் லாரியை மறந்துவிட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை

பிளக் ஸ்பேனர், ஒரு உபரி ஸ்பார்க் பிளக், இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒரு மீட்டர் ஒயர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மூடியுள்ள ஒரு கண்ணாடி பாட்டில், பழைய துணி, டார்ச். பெட்ரோல் குழாயைக் கழற்றும் வேலை இருப்பதால் சின்னத் தீயணைப்பான் ஒன்றும் அவசியம். கண்ணாடியான இன்லைன் பெட்ரோல் ஃபில்டர் ஒன்றை முன்கூட்டியே போட்டுவிட்டால் பாதி நேரம் மிச்சம். ஆனால் ஃபில்டர் பாதிதான் நிறைந்திருக்கிறது என்று பயப்பட வேண்டாம். பம்ப் அடிக்கும்போது பெட்ரோல் அதற்குள் துள்ளுகிறதா என்பதுதான் கேள்வி.

இன்னொரு ஏற்பாடு, இந்த வேலைக்கென்றே. காயிலின் பிளஸ் முனையிலிருந்து 1 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒரு மெல்லிய ஒயரை வண்டிக்குள் இழுத்து, அதில் 12 வோல்ட் எல்.இ.டி. விளக்கு ஒன்றைக் கட்டி, மறு முனையைப் பாடியில் எர்த் செய்யுங்கள். விளக்கு ஓட்டுபவர் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். ஒயர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையோ (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்) ஃபேன் பெல்ட்டையோ தொடக் கூடாது. வண்டி நிற்கும் நொடியில் விளக்கும் அணைந்தால், காயிலுக்குக் கரண்டே வரவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே வண்டி நின்றால், சாவியிலிருந்து காயில் வரை உள்ள பாதை சுத்தம். அதற்கப்பால்தான் தேட வேண்டும். இந்த ஒரு விளக்கு பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

நின்றதும் முதல் இரண்டு நிமிஷம்

வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வையுங்கள். திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்காதீர்கள். ஸ்டார்ட் ஆகிவிட்டால் ஆதாரம் போயிற்று. ஆகாவிட்டால் பெட்ரோல் உள்ளே நிறைந்து பிளக் நனைந்து, இல்லாத இன்னொரு கோளாறும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் பெட்ரோல். சாவியை ஆஃப் செய்து, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, கார்புரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டர் லீவரைக் கையால் ஒரே இழுப்பில் இழுங்கள். மெல்லிய கம்பிபோலப் பெட்ரோல் பீய்ச்சினால் ஃப்ளோட் கிண்ணத்தில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தங்கும் இடம்) பெட்ரோல் இருக்கிறது. பீய்ச்சவில்லை என்றால் கிண்ணம் காலி, அல்லது ஆக்ஸிலரேட்டர் பம்பின் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) போயிருக்கிறது. எது என்று சொல்லக் கார்புரேட்டரின் பக்கவாட்டில் வட்டக் கண்ணாடி இருக்கிறது. பெட்ரோலின் மட்டம் அந்தக் கண்ணாடியின் நடுக்குறியை ஒட்டி நிற்க வேண்டும். வருஷக்கணக்கான ஆயில் அழுக்கில் அப்படி ஒரு கண்ணாடி இருப்பதே பலருக்குத் தெரியாது. முன்கூட்டியே துடைத்து வையுங்கள்.

அடுத்து ஸ்பார்க். பெட்ரோல் வாடை அடங்கியபின், ஏர் ஃபில்டர் மூடியைப் போட்டுவிட்டு, ஒரு பிளக் ஒயரைக் கழற்றி உபரி பிளக்கில் மாட்டி, பிளக்கின் உலோக உடலைக் கிளிப் ஒயரால் எஞ்சினோடு இறுக எர்த் செய்யுங்கள். கார்புரேட்டருக்கு எதிர்ப்பக்கமாக வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாகச் ‘சட் சட்’டென்று சத்தத்தோடு பாய வேண்டும். மஞ்சளாக, நூல்போல வந்தால் அது இல்லாததற்குச் சமம். திறந்த வெளியில் பாயும் பலவீனமான ஸ்பார்க், சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தில் பாயாது. ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டோ, அந்தரத்தில் தொங்கவிட்டோ சோதிக்கும் பழைய பழக்கம் வேண்டாம். எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் நன்றாக இருக்கும் மாட்யூலும் (பாயிண்டுக்குப் பதிலாக உள்ள எலக்ட்ரானிக் பாகம்) கருகலாம்.

இந்த இரண்டு சோதனைக்கும் விடை கிடைத்துவிட்டால், வண்டி பிறகு ஸ்டார்ட் ஆகிவிட்டாலும் கவலை இல்லை. எந்தப் பாதியில் தேடுவது என்பது முடிவாகிவிட்டது.

ஸ்பார்க் இல்லை என்றால்

உள்ளே கட்டிய விளக்கு அணைந்திருந்தால் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். முனைகளைக் கையால் திருகிப் பாருங்கள். திரும்பினால் அதுவே போதும், வேறு காரணம் தேட வேண்டாம். பச்சை வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீரில் கழுவி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லைன். அடுத்து பேட்டரியின் மைனஸ் ஒயர் பாடியிலும் கியர்பாக்ஸ் பக்கமும் பிடிக்கும் போல்ட்டுகள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸ் முனைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டர் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பெயின்ட் மீதும் துரு மீதும் உட்கார்ந்த எர்த், வண்டி குலுங்கும்போது விட்டு விட்டுத்தான் வேலை செய்யும்.

சாவி சுவிட்சும் தேய்கிற பொருள்தான். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது சாவியை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டுங்கள். எஞ்சின் தடுமாறினால் உள்ளே காண்டாக்ட் போயிருக்கிறது. வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் ஒரே வளையத்தில் தொங்கவிடுபவர்களுக்கு இது சீக்கிரம் வரும். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிடித்து, சாவியை விட்டதும் நின்றால் சந்தேகம் இரண்டே: சுவிட்சின் ஆன் காண்டாக்ட், அல்லது வெளி ரெசிஸ்டர் உள்ள காயிலானால் அந்த ரெசிஸ்டர்.

விளக்கு எரிந்தபடி ஸ்பார்க் இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் (ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) போங்கள். கார்புரேட்டரைக் குற்றம் சொல்லிக் கழற்றப்படும் பல வண்டிகளில் உண்மையான குற்றவாளி இருப்பது இங்கேதான். பாயிண்ட் உள்ள வண்டிகளில் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. ஃபீலர் கேஜை நுழைக்கும்போது லேசாக உரச வேண்டும். பாயிண்டின் ஒரு முகத்தில் குழியும் மறு முகத்தில் மேடும் விழுந்து, நீலம் பாய்ந்திருந்தால் கண்டென்சர் தன் வேலையைச் செய்யவில்லை. எமரி பேப்பரால் தேய்த்து ஓட்டலாம், ஆனால் ஒரு வாரத்துக்குத்தான். பாயிண்டும் கண்டென்சரும் ஜோடியாக மாற்றுங்கள். புதிய கண்டென்சரே முதல் நாளில் செத்துப்போவதும் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கண்டென்சரைத் தூக்கி எறியாமல் டிக்கியில் வையுங்கள்.

இப்போது, பலரும் பார்க்காமல் விடும் இடம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் தட்டுக்குப் போகும் சின்ன ஒயரும், தட்டையும் உடலையும் இணைக்கும் எர்த் ஒயரும். வாக்குவம் அட்வான்ஸ் (எஞ்சினின் உறிஞ்சலுக்கேற்ப ஸ்பார்க் பாயும் நேரத்தை மாற்றும் பாகம்) இழுக்கும்போதெல்லாம் அந்தத் தட்டு சில டிகிரி திரும்பும். கூடவே இந்த ஒயர்களும் மடங்கி நிமிரும். வருஷங்கள் போனதும் உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துவிடும், மேலே இன்சுலேஷன் மட்டும் முழுசாகத் தெரியும். விளைவு வேடிக்கையானது: ஒரே சீராக ஓட்டினால் எதுவும் இல்லை, ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது மட்டும் வெட்டும். சோதிக்க, சாவியை ஆஃப் செய்து, வாக்குவம் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி, முனையைத் துடைத்து வாயால் உறிஞ்சுங்கள். தட்டு திரும்புவது கண்ணுக்குத் தெரியும். அதே சமயம் மல்டிமீட்டரை ஓம் நிலையில் அந்த ஒயரின் இரு முனைகளிலும் வைத்திருங்கள். எண் துள்ளினால் பிடித்துவிட்டீர்கள். மாற்றும்போது பல மெல்லிய இழைகள் உள்ள வளையும் ஒயர்தான் போட வேண்டும். வீட்டு வயரிங்கில் போடும் ஒற்றைக் கம்பி ஒயர் சில நாளில் முறிந்துவிடும். உறிஞ்சியும் தட்டு அசையவில்லை என்றால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது; அது எஞ்சினை நிறுத்தாது, பிக்கப்பையும் மைலேஜையும் தின்னும்.

ரோட்டாரையும் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் துண்டு) டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் சும்மா பார்த்துவிட்டு நகராதீர்கள். மூடியின் உள்பக்கம் பென்சில் கோடுபோல ஒரு கருப்புத் தடம் இருந்தால் கரண்ட் அந்த வழியாகத் திருடப்படுகிறது. தேய்த்தால் போகாது, மூடியை மாற்றத்தான் வேண்டும். நடுவிலுள்ள கார்பன் முனை விரலால் அழுத்தினால் ஸ்பிரிங்கில் உள்ளே போய் வெளியே வர வேண்டும். பாயிண்ட் வண்டியில் ரோட்டாரைச் சோதிக்க, மூடியைக் கழற்றி, காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரின் முனையை மரக்குச்சியில் கட்டி, ரோட்டாரின் பித்தளைத் தகட்டிலிருந்து 5 மி.மீ. தள்ளிப் பிடித்து செல்ஃப் அடியுங்கள். தகட்டுக்கு ஸ்பார்க் தொடர்ந்து பாய்ந்தால், ரோட்டாரின் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாகக் கரண்ட் தண்டுக்கு இறங்குகிறது என்று அர்த்தம். நல்ல ரோட்டாரில் அப்படித் தொடர்ந்து பாயாது.

மழைநாள் மிஸ்ஸிங்குக்கு இருட்டில் ஒரு சோதனை. எஞ்சினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்து, செடிக்குத் தெளிக்கும் பாட்டிலால் பிளக் ஒயர்கள், மூடி, காயில் மீது லேசாகத் தண்ணீர் தூவுங்கள். எங்கே நீலப் பொறி ஓடுகிறதோ அங்கே கசிவு. கை வைக்காமல் பார்க்க மட்டும் செய்யுங்கள். பிளக் ஒயர் ஒன்றுக்கு 20 கிலோ ஓமுக்கு மேல் காட்டினாலோ, வளைத்தால் எண் மாறினாலோ முழு செட்டையும் மாற்றலாம். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ.

காயிலும் எலக்ட்ரானிக் மாட்யூலும் சூட்டில் சாகிறவை. குளிர்ச்சியாக இருக்கும்போது அளந்து ‘காயில் நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. காலையில் ஒருமுறை ஓம் அளவைக் குறித்து வைத்து, வண்டி நின்ற இடத்திலேயே மறுபடி அளந்து ஒப்பிடுங்கள். சூட்டில் கொஞ்சம் ஏறுவது இயல்பு. இரட்டிப்பாவதும், முடிவிலி காட்டுவதும் இயல்பல்ல. வீட்டு வாசலிலேயே கோளாறை வரவழைக்க வேண்டுமானால், எஞ்சினை ஓடவிட்டு ஹேர் டிரையரால் காயிலையும் மாட்யூலையும் கண்டென்சரையும் ஒவ்வொன்றாகச் சூடாக்குங்கள். எதன் மீது காற்று படும்போது மிஸ்ஸிங் தொடங்குகிறதோ அதை ஈரத் துணியால் குளிரச் செய்யுங்கள். உடனே சரியானால் வேறு சாட்சி வேண்டாம்.

பெட்ரோல் வரவில்லை என்றால்

டேங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டால், டேங்கின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வழியில்லாமல் டேங்கில் வெற்றிடம் ஏறும், ஒரு கட்டத்தில் பம்பால் இழுக்க முடியாது. நெடுஞ்சாலையில் அரைமணி ஓடியபின் திணறி நின்று, சற்று நேரத்தில் சரியாகும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். செலவு மூடியோ, வென்ட் குழாயைச் சுத்தம் செய்வதோதான்.

டேங்கில் அழுக்கு இருந்தாலும் கதை கிட்டத்தட்ட இதேதான். வேகமாக ஓடும்போது துருவும் கசடும் உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டும். எஞ்சின் நின்றதும் உதிர்ந்துவிடும். வேறுபாடு, மூடியைத் திறந்தால் சத்தம் வராது. பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்து, சைக்கிள் பம்பால் டேங்க் பக்கமாக மெல்ல ஊதுங்கள். தடையில்லாமல் குபுகுபுவென்று சத்தம் கேட்க வேண்டும். ஊதியதும் சில நாள் நன்றாக ஓடி மறுபடி நின்றால் டேங்கைக் கழற்றிக் கழுவுவதைத் தவிர வழியில்லை. கம்ப்ரசர் காற்றை முழு அழுத்தத்தில் விட்டால் பழைய குழாய் பிய்ந்துவிடும்.

இந்த எஞ்சினில் பம்ப் சிலிண்டர் ஹெட்டில் இருக்கிறது. கேம் ஷாஃப்ட் இயக்குகிறது. சோதிக்க, எஞ்சின் ஆறியபின், காயிலின் பிளஸ் ஒயரைக் கழற்றி ஸ்பார்க்கை நிறுத்திவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிக் கண்ணாடி பாட்டிலில் விட்டு, பத்து நொடி செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் வலுவாகப் பீய்ச்ச வேண்டும். நுரைத்து வந்தால் பம்புக்கு முன்னால் எங்கோ காற்று இழுக்கிறது. உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஈரமோ வாடையோ இல்லையே என்று அந்தக் குழாயை விட்டுவிடக் கூடாது. டிப் ஸ்டிக்கை இழுத்து முகர்ந்தும் பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை, மட்டமும் ஏறியிருக்கிறது என்றால் பம்ப் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்குகிறது. அந்த வண்டியை ஓட்டாதீர்கள். பம்ப், ஆயில் இரண்டையும் மாற்றியபின் எடுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வண்டிகள் வந்த காலத்தில் 20 சதவீத எத்தனால் யாருடைய கணக்கிலும் இல்லை. பழைய ரப்பர் குழாய்கள் உள்ளே ஊறி உப்பி, தோல் உரிந்து, அந்தத் துணுக்குகள் ஃபில்டரைத் தாண்டி ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளை) போய் உட்காரும். பம்பிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள சின்னக் குழாய்த் துண்டை மறந்துவிட்டு மற்றதை மட்டும் மாற்றுவது வழக்கமான தவறு. ஃபில்டருக்கு அப்பால் இருப்பதே அதுதான். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட குழாய் வாங்குங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீர் டேங்கின் அடியில் தங்கும். டேங்கின் அடியிலிருந்து 200 மி.லி. எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் பத்து நிமிஷம் வையுங்கள். அடியில் தனி அடுக்காகப் பிரிந்து நின்றால் டேங்கைக் காலி செய்ய வேண்டும்.

சித்திரை வெயிலில், டிராஃபிக்கில் நின்று நின்று போகும் வண்டி, அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் ஆகாமல் படுத்தினால் எல்லோரும் ‘வேப்பர் லாக்’ (சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைப்பது) என்பார்கள். பாதி நேரம் அது இல்லை. வேப்பர் லாக் என்றால் கிண்ணம் காலி; லீவரை இழுத்தால் பெட்ரோல் பீய்ச்சாது. அதற்கு நேர் எதிரான இன்னொன்று இருக்கிறது: எஞ்சின் சூட்டில் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (கலவை எஞ்சினுக்குள் போகும் குழாய்) வழிவது. இதில் வாடை தூக்கும், பிளக் நனைந்திருக்கும். முதலாவதற்கு பம்ப் மீதும் குழாய் மீதும் ஈரத் துணி சுற்றுங்கள். பக்கத்திலுள்ள சூடான எக்ஸாஸ்டில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும். இரண்டாவதற்கு ஆக்ஸிலரேட்டரை அடிவரை ஒரே மிதியாக மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விட்டால் இன்னும் பெட்ரோல் சேரும். இரண்டுமே அடிக்கடி வந்தால் கார்புரேட்டரின் அடியில் சூடு தடுக்கும் தடித்த இன்சுலேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ கழற்றியவர், வெறும் கேஸ்கெட்டை வைத்து மூடியிருப்பார்.

இரண்டும் இருக்கிறது, ஆனாலும் மக்கர்

இங்கே சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் மூடி) நல்ல சாட்சி. எஞ்சின் சூடான நிலையில், தடுமாறும்போது சோக்கைப் பாதி இழுங்கள். உடனே சீரானால் பெட்ரோல் குறைவாகவோ, காற்று அதிகமாகவோ போகிறது. இன்னும் மோசமானால் ஏற்கனவே பெட்ரோல் மிகுதி: ஃப்ளோட் மட்டம், தேய்ந்த நீடில் வால்வ், அடைத்த ஏர் ஃபில்டர் ஆகியவற்றைப் பாருங்கள்.

ஐட்லிங்கில் மட்டும் நிற்கிறது, வேகத்தில் குறையில்லை என்றால் ஸ்லோ ஜெட்டுக்குப் (ஐட்லிங் பெட்ரோல் வரும் துளை) போவதற்கு முன் சொலினாய்டைப் பாருங்கள். கார்புரேட்டரில் திருகியிருக்கும், ஒற்றை ஒயர் வரும் சின்ன உருளை அது. சாவியை அணைத்ததும் ஐட்லிங் பெட்ரோலை மூடும். சாவியை ஆன் செய்து அதன் ஒயரைக் கழற்றி மாட்டும்போது ‘டிக்’ என்ற சத்தம் வர வேண்டும். சத்தமில்லை என்றால் ஒயரில் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்ட் லேம்ப்பால் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒயர் தளர்ந்திருந்தால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஐட்லிங் சாகும். பெட்ரோல் வாடை இருக்கும்போது இந்தச் சோதனை வேண்டாம். ஜெட்டைச் சுத்தம் செய்ய வேண்டி வந்தால் காற்றால் ஊதுங்கள். கம்பியை விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகி மைலேஜ் ஒரேயடியாகப் போகும்.

காற்றுக் கசிவுக்கு, இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய பிளையரால் நெருக்குங்கள். எதை நெருக்கும்போது எஞ்சின் சீராகிறதோ அந்த வழியில் கசிவு. பூஸ்டர் உள்ள வண்டியில் அதன் குழாயை விட்டுவிடாதீர்கள். சூடான எஞ்சின் மீது கார்ப் கிளீனர் அடித்துச் சோதிப்பவர்கள் உண்டு. எக்ஸாஸ்ட் சூடாக இருக்கும்போது அது தீயோடு விளையாடுவது.

மூன்றில் ஒரு சிலிண்டர் சூடானபின் மட்டும் படுத்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) எடுங்கள், எஞ்சின் சூடாக இருக்கும்போதே. சிலிண்டர்களுக்கிடையே 1 கிலோவுக்கு (சதுர செ.மீ.க்கு) மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. சூட்டில் மட்டும் இறங்கினால் டாப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி இறுகி வால்வ் முழுசாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்து பார்ப்பதற்கு முன் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்கு ஒரு குறிப்பு மட்டும். சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுப் பக்கம் பம்ப் இரண்டு மூன்று நொடி முனக வேண்டும். நின்ற நேரத்தில் அந்த முனகல் இல்லை என்றால் ரிலே, அதன் சாக்கெட், பம்ப் ஒயரிங். முனகல் இருந்து ஸ்பார்க் இல்லை என்றால், சூட்டில் சாகும் கிராங்க் அல்லது கேம் சென்சார் முதல் சந்தேகம்.

சரிசெய்தபின்

ஒரே நேரத்தில் ஒரே பாகம். மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் அதே நோட்டில். எந்தச் சூழலில் நின்றதோ அதே சூழலில் ஓட்டிப் பாருங்கள்: மதிய வெயிலில் நின்ற வண்டியைக் காலை ஏழு மணிக்கு ஓட்டிச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. முடிந்தால், கழற்றிய பழைய பாகத்தை ஒருமுறை திரும்ப மாட்டி, கோளாறும் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். மெக்கானிக் முகம் சுளிப்பார், பரவாயில்லை. உள்ளே கட்டிய விளக்கை மட்டும் ஒரு மாதம் கழற்ற வேண்டாம். டிக்கியில் ஒரு செட் பாயிண்ட், வேலை செய்கிற கண்டென்சர், ஒரு ரோட்டார், அரை மீட்டர் பெட்ரோல் குழாய், நான்கு கிளிப் இருக்கட்டும்.